அப்பாயியின் கேசட்டும் 14 சென்டிமீட்டர் நாடாவும்

போன ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, பேசினார். அவர் காலமாகி 26 வருஷம் ஆகிறது. "அக்கா, நல்லா இருக்கியா? இங்க மழ விட்டபாடில்ல" என்று ஆரம்பித்தார். வெளியிலும் மழைதான். அத்தை பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தார்.

இதற்கு எனக்கு ஏழு வாரம் ஆனது. பாதி நாள் நான் கெடுத்ததை நானே சரிசெய்வதில் போயிற்று. யாராவது பழைய கேசட்டைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்தால் என் தவறுகளாவது உதவும்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவைக் காலி செய்து, 7 பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் கட்டிய வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பழைய பிறப்புச் சான்றிதழ்கள், ரேஷன் கூப்பன், ஒரு மணி நேரம் ஓடும் சி-60 கேசட் ஒன்று. கேசட்டின் மேல் அப்பாவின் எழுத்தில் 'பெரியம்மாவுக்கு' என்று இருந்தது. அப்பாயியின் அக்கா, தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய்க் கோத்தகிரியில் குடியேறியவர். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத தங்கை பேசி அனுப்ப நினைத்த கடிதம் அது. கப்பலில் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று வைத்திருந்தார்கள். 1984-இல் இந்தியா போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கேசட் பரணிலேயே தங்கிவிட்டது.

"அதுல தாத்தாவோட புலிக்கதை இருக்கும்டா. அம்மா அன்னைக்கு அதத்தான் சொல்லிச் சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான், வீட்டில் பழைய சண்டை ஆரம்பமாகிவிட்டது.

எங்கள் குடும்பத்துக்குத் தோட்டத்தில் 'கம்பளிப்புலி வீடு' என்று பேர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஒரு மழை இரவு, தாத்தா, காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக் களத்துப் பக்கமாக வந்துகொண்டிருந்தபோது தேயிலைச் செடிக்குள் ஏதோ அசைந்திருக்கிறது. மேலே போட்டிருந்த கம்பளியை விரித்து அதன் மேல் விழுந்து, அப்படியே மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டார். இதுவரை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதில்தான் பிரிவு. பெரியப்பாவைக் கேட்டால் புலிக்குட்டி. துரை கூப்பிட்டுக் கைகொடுத்து அஞ்சு ரூபாய் இனாம் தந்தார். அத்தையைக் கேட்டால், தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா வீட்டுக் கன்னுக்குட்டி. அஞ்சு ரூபாய் சம்பளத்தில் வெட்டினார்கள். சித்தப்பாவின் கட்சி ஆட்டுக்குட்டி. தாத்தா அது என்னவென்று தெரிந்தேதான் பிடித்தார், மாட்டிக்கொண்ட பிறகு புலி என்று நினைத்ததாகச் சொல்லிவிட்டார். அஞ்சு ரூபாய் மட்டும் எல்லாக் கதையிலும் வரும். மூன்று பேரில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் செட். சித்தப்பா வைத்திருந்த ஒற்றை ஸ்பீக்கர் ஜப்பான் டேப் ரெக்கார்டர், நாலு பெரிய பேட்டரி போடுவது. பேட்டரி போட்டதும் மோட்டார் உறுமியது, எதுவும் சுற்றவில்லை. பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ. திறந்தால் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தார். பழைய ரப்பர் அப்படித்தான் உருகிவிடும். விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, எனக்குப் போகவில்லை. பார்மசியில் ஐசோப்ரொப்பைல் ஸ்பிரிட் ஒரு போத்தல், காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு பெட்டி. மோட்டார்க் கப்பியின் பள்ளத்தில் இருந்த தாரை எடுக்கவே ஒரு மாலை போனது.

பெல்ட்டுக்குப் பதில் முதலில் ரூபாய் நோட்டுக் கட்டும் ரப்பர் பேண்டைப் போட்டேன். ஒரு பழைய பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்ததில் பாடகர் தண்ணியடித்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ரப்பர் பேண்ட் ஒரே தடிப்பில் இருக்காது, இழுவையும் சமமாக இருக்காது. தற்காலிகத்துக்குக்கூட வேண்டாம்.

சரியான அளவு எடுக்க, தையல் நூலைக் கப்பிகள் மேல் பெல்ட் ஓடும் வழியில் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, எடுத்து அளந்தேன். 22.4 சென்டிமீட்டர். பெல்ட் அதைவிட 5 சதவீதமாவது சின்னதாக இருந்தால்தான் இறுக்கிப் பிடிக்கும். 21.3 என்று வைத்துக்கொண்டேன், அதாவது வட்டமாக வைத்தால் 68 மில்லிமீட்டர் விட்டம். கொழும்பில் வேலை செய்யும் சிநேகிதன் ஒருவன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி மூன்று பெல்ட் அனுப்பினான். ஒன்று பொருந்தியது.

அடுத்தது வேகம். கேசட் நாடா செக்கனுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். இதைச் சரிபார்க்கக் கடையில் விற்கிற டெஸ்ட் கேசட் என்னிடம் இல்லை. அதனால் ஒரு பழைய பாட்டுக் கேசட்டிலிருந்து சரியாக 476 சென்டிமீட்டர் நாடாவை வெட்டி, இரண்டு முனையிலும் சத்தம் பதியாத வெள்ளை நாடாவை ஒட்டி, திரும்ப அதே டப்பாவில் சுற்றினேன். பாட்டு ஆரம்பித்து நிற்கும் வரை சரியாக 100 செக்கன் வர வேண்டும். கணக்குச் சுலபம்: ஒரு செக்கன் பிசகினால் ஒரு சதவீதப் பிழை. இஸ்தோப்பிலிருந்து (திண்ணையிலிருந்து) வாசல் வரைக்கும் நாடாவை நீட்டி அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் ஓட்டம் 93 செக்கன். வேகம் கூட. மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் ஒரு திருகு. மணிக்கூடு திருத்தும் ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நாலாவது தடவையில் 100-க்கு வந்தேன். இதை மட்டும் அடுத்த தடவையும் இப்படியே செய்வேன். வேகமும் சரியாயிற்று, நாடா வெட்டி ஒட்டும் பழக்கமும் குப்பைக் கேசட்டிலேயே வந்துவிட்டது.

ஒட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். பலகையில் பழைய பிளாஸ்டிக் அடிமட்டத்தின் இரண்டு துண்டுகளை அந்த அளவு இடைவெளி விட்டு ஒட்டினேன். நாடா அதற்குள் ஆடாமல் படுக்கும். முனைகளை 45 பாகையில் பிளேடால் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்து, மினுங்கும் பக்கத்தில் ஒட்ட வேண்டும். மங்கலான பக்கம்தான் நாடாவில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டில் உரசும், அங்கே ஒட்டக்கூடாது. சாதாரண செலோடேப் ஆகாது. நான் முதலில் அதைத்தான் போட்டேன். இரண்டு நாளில் பசை கசிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொண்டது. நாடா ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது, அதையும் கொழும்பிலிருந்துதான் எடுத்தேன். 1,900 ரூபாய். மொத்தச் செலவில் பெரியது இதுதான்.

இனிக் கேசட். நாற்பது வருஷம் பாதி புகையிலும் பாதி ஈரத்திலும் இருந்தது. சன்னல் வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். டப்பாவில் ஸ்க்ரூ இல்லை, ஒட்டின டப்பா. அதன் ஓரத்தில் கத்தியை வைத்துப் பிளந்து, ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறொரு கேசட்டின் உடம்புக்கு இரண்டு சுருளையும் மாற்றினேன். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பழைய டப்பாவில் கழன்று உள்ளேயே கிடந்தது. வேறு உடம்பு என்பதால் அந்தத் தொல்லை இல்லை. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு வாரம் டப்பாவில் மூடி வைத்தேன். அப்புறம் மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த மெல்லிய துணியை நாடாவில் தொட்டுப் பிடித்தபடி பென்சிலால் முழுக்க ஒரு தடவை சுற்றினேன். பாத்திரம் துலக்குகிற மாதிரி அழுத்தக்கூடாது.

இங்கேதான் பெரிய பிழை. நாடாவை அழுத்திப் பிடித்து ஓட்டும் செட்டின் ரப்பர் உருளையை நான் கவனிக்கவே இல்லை. கல்லாக இறுகி, மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. நாடாவைச் சுற்றி எடுக்கும் பக்கத்துச் சக்கரமும் அவ்வப்போது நின்று நின்று சுற்றியது. பாட்டுக் கேசட்டில் 100 செக்கன் ஓடியது போதும் என்று நினைத்துவிட்டேன். குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்க, அப்பாயி பேச ஆரம்பித்துப் பதினொரு நிமிஷம் நல்லாப் போனது. பாட்டன் காலத்து ஆடு மாடு, யார் யாருக்குக் கல்யாணம், கொழுந்து விலை. பிறகு, "நம்ம வீட்டு மனுசன் கம்பளியில கட்டிக்கிட்டு வந்தாரே, அந்தக் கூத்து..." என்றார். பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "லாம்பக் கொண்டாந்து கம்பளியத் தூக்கிப் பாத்தா..." என்றார் அப்பாயி. கர்ர் என்று சத்தம். செட் நாடாவைத் தின்றுவிட்டது.

மூடியைத் திறந்தபோது உருளையைச் சுற்றி ஆறேழு சுற்று. எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொன்னார்கள். ஒருவழியாக எடுத்தேன். கசங்கி, மடிந்து, ஓரம் அரிவாள்ப் பல் மாதிரி ஆகியிருந்த இடத்தை வெட்டிவிட்டு இரு பக்கத்தையும் ஒட்டினேன். பதற்றத்தில் வெட்டிய துண்டைத் தரையில் போட்டேன். அத்தை அதை லீக்ஸ் தோலோடு கூட்டி அள்ளிவிட்டார்.

ரப்பர் உருளையை மெல்லிய எமரித்தாளில் தேய்த்து, சுற்றும் சக்கரத்தின் அடியில் இருந்த காய்ந்த கிரீஸைத் துடைத்து, இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போட்டேன்.

"லாம்பக் கொண்டாந்து கம்பளியத் தூக்கிப் பாத்தா— அஞ்சு ரூவாயும் போச்சு!"

அதன் பிறகு அப்பாயி சிரிக்கிறார். பின்னால் எண்ணிப் பார்த்தேன், பதினேழு செக்கன். நடுவில் தாத்தா இருமுவதும் "போதும்மா, சொல்லாத" என்பதும் கேட்கிறது.

'போச்சு' என்றால் சம்பளத்தில் வெட்டினது என்றுதானே அர்த்தம் என்றார் அத்தை. இனாமாக வந்த காசைத் தாத்தா அன்றைக்கே கள்ளுக்கடையில் விட்டிருப்பார், அதுதான் 'போச்சு' என்றார் பெரியப்பா. பிறகு மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு டோர்ச்சோடு குப்பைக் குழிக்குப் போனேன். கிடைத்தது. அளந்தேன், 14 சென்டிமீட்டர். 4.76-ஆல் வகுத்தால் மூன்று செக்கனுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் குடும்பத்து மானம் அவ்வளவு நீளம்.

கசங்கின நாடாவை நிமிர்த்த அயர்ன் பண்ணச் சொன்னார் சித்தப்பா. செய்யாதீர்கள், சுருங்கிவிடும். நான் ஈரப்பஞ்சால் லீக்ஸ் வாசனையைத் துடைத்தேன். கிளாஸில் சூடாகத் தேத்தண்ணி ஊற்றி வைத்து, நாடாவின் மினுங்கும் பக்கம் கிளாஸில் படும்படி இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தேன். முப்பது நாற்பது தடவை. பெரும்பாலும் நிமிர்ந்தது. நடுவில் 2 சென்டிமீட்டர் இடத்தில் மட்டும் மடிப்பு ஆழம். அங்கே நாடாவின் பழுப்பு நிறப் பூச்சு உதிர்ந்து, என் பெருவிரல் நுனியில் காவித்தூளாக ஒட்டியிருந்தது. நாடாவில் சத்தம் இருப்பதே அந்தப் பூச்சில்தான். அப்பாயி சொன்ன ஏதோ ஒன்று என் விரலில் இருந்தது. துடைக்க மனசு வரவில்லை, அப்புறம் துடைத்தேன்.

பழைய ஒட்டைப் பிரித்து, துண்டை நடுவில் வைத்து, மங்கலான பக்கம் வெளியே இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்து ஒட்டினேன். எல்லாரையும் கூப்பிட்டேன்.

"லாம்பக் கொண்டாந்து கம்பளியத் தூக்கிப் பாத்தா—" என்று அப்பாயி. "—நேரம் ஆறு மணி முப்பது நிமிடம்—" என்று ஒரு ஆம்பளைக் குரல். "—அஞ்சு ரூவாயும் போச்சு!"

சித்தப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. விஷயம் என்னவென்றால், கேசட் நாடாவின் அகலத்தில் ஒரு பாதி ஏ பக்கம், மறு பாதி பி பக்கம். பி பக்கம் எதிர்த்திசையில் ஓடும். மங்கலான பக்கம் சரியாக இருந்தும், நான் துண்டை முனை மாற்றி ஒட்டிவிட்டேன். அதனால் ஏ பக்கத்துக்கு நடுவில் மூன்று செக்கன் பி பக்கம் நேராகக் கேட்டது. பி பக்கத்தில் அப்பா ரேடியோவிலிருந்து எதையோ பதிந்திருக்கிறார். நாடாவை வெட்டும்போது இடது முனையில் பேனாவால் அம்புக்குறி போடுங்கள், மினுங்கும் பக்கத்தில். ஒரு நொடி வேலை. நான் போடவில்லை.

இன்னொரு தடவை பிரித்து, திருப்பி, ஒட்டினேன். அதுதான் போன ஞாயிறு. இந்தத் தடவை செட்டின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து லேப்டாப்பின் மைக் ஓட்டைக்கு ஒயர் போட்டு, ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு ஓடவிட்டேன். செட்டின் சத்தம் இரண்டில். அதற்கு மேல் வைத்தால் இரைந்தது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்ப்ரிங் போட்ட ஒரு திருகு இருக்கும், அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக அசைத்ததும் அப்பாயியின் குரலில் இருந்த கம்பளி மூட்டம் விலகியது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

"லாம்பக் கொண்டாந்து கம்பளியத் தூக்கிப் பாத்தா, உள்ள முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு ஒரு (கர்ர்) குட்டி! அஞ்சு ரூவாயும் போச்சு!"

பத்து செக்கன் யாரும் பேசவில்லை. பிறகு பெரியப்பா, "கேட்டுச்சா? புலிக்குட்டி!" என்றார். "கன்னுக்குட்டின்னு தெளிவா சொல்லுது, காது கேக்கலயா ஒங்களுக்கு" என்றார் அத்தை. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி நெற்றியில் வைத்துக் காட்டினார்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். சத்தம் விழுந்திருக்கும் இடம் 0.4 செக்கன், அந்த 2 சென்டிமீட்டருக்குச் சரியான கணக்கு. 'ஒரு'வுக்கும் 'குட்டி'க்கும் நடுவில் அதற்கு மேல் இடமில்லை. புலி, கன்னு, ஆட்டு: எதைப் போட்டாலும் இரண்டு அசை, அளவாக உட்காருகிறது. மெதுவாக ஓட்டினேன், இரைச்சலைக் குறைத்தேன், அத்தையையும் பெரியப்பாவையும் அதே வாக்கியத்தைப் போனில் பேசவைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுமே பொருந்தியது. இந்த வேலைக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது, பிரயோசனம் இல்லை.

செலவு: பெல்ட் 650, ஒட்டும் டேப் 1,900, ஸ்பிரிட்டும் பஞ்சுக்குச்சியும் 400, ஒயர் 350, பேட்டரி நாலு 1,000, பழைய பாட்டுக் கேசட் இரண்டு 200. ஆக 4,500 ரூபாய், பஸ் காசு இல்லாமல்.

திரும்பச் செய்வதாக இருந்தால் ரப்பர் உருளையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். குப்பைக் கேசட் ஒன்று முழு ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் தடுமாறாமல் ஓடும் வரை நல்ல கேசட்டைக் கிட்டக் கொண்டுவர மாட்டேன். முதல் ஓட்டத்திலேயே பதிவு போட்டுவிடுவேன், அதுவும் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில். கசங்கின நாடாவை வெட்டாமல் நிமிர்த்த முடியுமா என்று ஒரு இரவு யோசிப்பேன்.

பதிவைக் கோத்தகிரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பாயியின் அக்கா இப்போது இல்லை, அவர் மகளுக்குத்தான் போனது. மறுநாள் காலை குரல் பதிவில் பதில் வந்தது. பாதி அழுகை. சித்தி குரல் இப்படித்தான் இருக்கும் என்று மறந்தே போயிருந்தது என்றார். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, "ஏன் தம்பி, அந்த எடத்துல மட்டும் கர்ருன்னு வருதே? அது பன்னிக்குட்டிதானே. இங்க எங்கள எல்லாரும் 'பன்னி புடிச்சவர் வீடு'ன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பன்னியும் பொருந்துகிறது.